முடிந்து வந்த விளையாட்டும் முடியாமல் வரும் விளையாட்டும்

பழைய வீடியோ கேம்களை இன்றும் எடுத்து ஆடுகிற என்னைப் போன்றவர்களைப் பற்றிப் பொதுவாக நிலவும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. இளமைப் பருவத்தின் இனிய நினைவுகளைப் பிரிய மனமில்லாதவர்கள், மங்கலான படங்களையும் கீச்சென்று ஒலிக்கும் இசையையும் அந்த நினைவுகளின் பொருட்டே போற்றுகிறவர்கள் என்பதே அது. நினைவுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு விளையாட்டை, அதற்குக் கால் நூற்றாண்டு பின்னே பிறந்த ஒரு குழந்தையின் கையில் கொடுத்தால், ஒரு சொல் விளக்கமும் கேளாமல் அக்குழந்தை சில நிமிஷங்களில் அதை ஆடக் கற்று, தோற்று, மறுபடி முயன்று, அடுத்த கட்டத்தை எட்டியதும் துள்ளிக் குதிக்கிறதே, அந்தத் துள்ளலுக்கு எந்தப் பழைய நினைவு காரணமாக இருக்க முடியும்? ஆகவே பழைய விளையாட்டுகளின் சிறப்புக்குக் காரணத்தை ரசிகரின் நெஞ்சில் தேடுவதை விட்டு, அவற்றின் அமைப்பிலேயே தேடுவதுதான் நியாயம். அப்படித் தேடும்போது எனக்கு முதன்மையாகத் தெரிகிற குணம் ஒன்று உண்டு: அவை முடிந்த பொருள்களாக வெளிவந்தன.

அக்காலத்து விளையாட்டு, நம் ஊர்களில் எல்லோரும் கேசட் என்றே வழங்கிய அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள், தொழிற்சாலையில் ஒரு முறை பதித்துவிட்டால் பின்னர் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாத சில்லில் அடங்கி வந்தது. அதைச் சிருஷ்டித்தவர்களுக்குப் பிறகு திருத்திக் கொள்ளலாம் என்ற சௌகரியம் கிடையாது. பிழை ஒன்று கண்ணுக்குத் தப்பினால் அது லட்சக்கணக்கான பிரதிகளிலும் பிழையாகவே நிற்கும். ஒரு கட்டம் சலிப்பூட்டினால் அந்தச் சலிப்பும் நிரந்தரமாகிவிடும். இந்த நிர்ப்பந்தம் ஆக்கியோரிடம் ஒரு தர்ம உணர்ச்சியை வளர்த்தது என்பது என் உறுதியான எண்ணம். பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குச் சென்று பெட்டியைச் செருகி விசையைத் தட்டிய கணத்திலேயே விளையாட்டு முழு உருவத்தோடு அவருக்கு உரியதாயிற்று. அதில் சேர்க்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் யாருக்கும் இல்லை.

கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டுகள் செய்யும் தொழிலாகத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1983-இல் ஃபேமிகாம் என்னும் வீட்டு இயந்திரத்தை வெளியிட்டது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். அந்த இயந்திரத்துக்காக ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அவர்களுடைய சிறு குழுவினரும் 1985 செப்டம்பரில் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு, 32 கட்டங்களையும், அவற்றில் உலவும் பகைவர் கூட்டத்தையும், நீருக்கடியிலும் பாதாளத்திலும் கோட்டைக்குள்ளும் வெவ்வேறு சுவையோடு ஒலிக்கிற கோஜி கொண்டோவின் இசையையும் சேர்த்து, மொத்தம் 40 கிலோபைட்டில் அடங்கிற்று. இன்று கைபேசியில் எடுக்கும் சாதாரணப் புகைப்படம் ஒன்று அதைப் போல் ஐம்பது மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் போதாமையால் அவர்கள் கையாண்ட யுக்திகளில் ஒன்றை இன்றைக்கும் நாம் கண்ணாரக் காணலாம். வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே சித்திரந்தான். வெண்மை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். பல்லாண்டுகள் ஆடியவர்களுக்கும் ஒருவர் சுட்டிக் காட்டும் வரை இது புலப்படுவதில்லை என்பதே அந்த யுக்தியின் வெற்றி.

இடச் சுருக்கத்தைக் காட்டிலும் என்னை வியக்க வைப்பது அவ்விளையாட்டின் முதல் கட்டம். திரை விரிந்ததும் மாரியோ இடது ஓரத்தில் வலப்புறம் நோக்கி நிற்கிறான். அவனுக்கு முன்னே வெற்றிடம் கிடக்கிறது. போகவேண்டிய திசை எது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சில அடிகள் நடந்ததும் கூம்பா என்னும் சிறிய பழுப்பு நிறப் பகைவன் எதிரே வருகிறான். ஒன்றும் செய்யாமல் நின்றால் சாவு, தாவினால் பிழைக்கலாம், தாவி அவன் தலைமேல் இறங்கிவிட்டால் அவன் நசுங்கிப் போகிறான். தோல்வி நேர்ந்தாலும் இழப்பது சில விநாடிகளே ஆதலால், ஆடுபவருக்கு மனம் முறிவதில்லை. அப்பால் மின்னுகிற பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிப்பட்டு, வலப்புறம் உருண்டோடிக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. அதைப் பகை என்று அஞ்சி விலக நினைப்பவரும், தலைக்கு மேலே கல்வரிசை தடுப்பதால் தாவித் தப்ப இயலாமல் பெரும்பாலும் அதைத் தொட்டே விடுகிறார். தொட்டதும் மாரியோ பெரியவனாகிறான். தீமை செய்வன எவை, நன்மை செய்வன எவை என்ற பாகுபாடு அந்தக் கணமே உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. இவையெல்லாம் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதை மியாமோட்டோவே பின்னாளில் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். கூம்பாவைக்கூட, முதலில் செய்து வைத்திருந்த ஆமைப் பகைவன் தொடக்கத்திலேயே வந்தால் புதியவர்களுக்குக் கடினமாகும் என்று கருதி, வேலை முடியும் தறுவாயில்தான் சேர்த்தார்கள். ஆடுபவரின் விவேகத்தில் வைத்த நம்பிக்கை என்று இதையே நான் சொல்லுவேன். இன்றைய பெரிய விளையாட்டுகள் பல, முதல் ஒரு மணி நேரம் முழுவதும் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று எழுத்து எழுத்தாகத் திரையில் காட்டிக்கொண்டே வருகின்றன. அந்த ஒரு மணி நேரத்தில் ஆடுபவர் தாமாகக் கண்டறிந்தது ஒன்றும் இருப்பதில்லை.

குறையையே குணமாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியத்துக்கு இன்னொரு சான்று அதற்கும் முந்தியது. டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ 1978-இல் படைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், ஐந்து வரிசையாய் 55 அந்நியர்கள் மேலிருந்து நகர்ந்து இறங்குவார்கள். அத்தனை உருவங்களையும் வரைந்து நகர்த்தும் வேகம் அன்றைய கணிப்பொறிச் சில்லுக்கு இல்லை. அதனால் தொடக்கத்தில் படை மெல்ல ஊர்ந்தது. ஒவ்வொன்றாய்ச் சுடப்பட்டு மறைய மறைய, வரைய வேண்டியவை குறைந்து, எஞ்சியவை விரைந்தன. கடைசி ஒருவன் மட்டும் மிஞ்சும்போது திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறந்தான். நிஷிகாடோ இதைத் திருத்தாமல் அப்படியே விட்டார்; திரும்பத் திரும்ப ஒலிக்கும் நான்கு சுரங்களும் படையின் வேகத்தோடு சேர்ந்து விரைந்தன. வெற்றியை நெருங்க நெருங்க ஆபத்தும் நெருங்குகிறது என்ற இந்த இலக்கணம் அதன்பின் எத்தனையோ விளையாட்டுகளுக்கு மூலமாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்து நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாடானி, சுடும் விளையாட்டுகளால் ஆண்பிள்ளைகளின் கூடாரமாகவே ஆகிப்போன ஆட்டக்கூடங்களுக்குப் பெண்களும் மனமுவந்து வர வேண்டும் என்று விரும்பி, உண்பதையே மையமாக வைத்து ‘பேக்-மேன்’ விளையாட்டை அமைத்தார். அதில் துரத்துகிற நான்கு பேய்களுக்கும் நான்கு சுபாவங்கள். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நாம் செல்லும் திசையில் சில கட்டங்கள் முன்னதாகக் குறிவைத்து வழிமறிக்கும். நீலப் பேய் சிவப்புப் பேயின் இருப்பிடத்தையும் கணக்கில் கொண்டு வளைக்கும். செம்மஞ்சள் பேய் நெருங்கி வந்ததும் விலகித் தன் மூலைக்கு ஓடும். ஒவ்வொரு பேயின் விதியையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். நான்கும் சேர்ந்து ஒரே புதிர்ப்பாதையில் உலவும்போது பிறக்கிற சூழ்நிலைகளையோ எழுதித் தீர்க்க இயலாது.

நின்டெண்டோவின் குன்பெய் யோகோய், பழகித் தேர்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவதே நல்ல விளையாட்டுப் பொருளுக்கு வழி என்ற கொள்கையை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர். 1989-இல் அவருடைய குழுவினர் வெளியிட்ட கேம் பாய் என்னும் கையடக்க இயந்திரம், வண்ணமோ திரைவெளிச்சமோ இல்லாமல் பச்சைச் சாயலின் நான்கு நிலைகளையே காட்டியது. அதே காலத்தில் வண்ணத்திரையோடு போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் அவற்றைவிட வெகு நீண்ட நேரம் ஓடிற்று. பின்னர் வந்த தன் வண்ணப் பதிப்பையும் சேர்த்து அது 11 கோடிக்கு மேல் விற்பனையானது. அதன் புகழில் பெரும் பங்கு ‘டெட்ரிஸ்’ விளையாட்டுக்கு உரியது. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ், 1984-இல் படங்களே வரைய இயலாத ஓர் இயந்திரத்தில், விசைப்பலகையின் அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டைகளாக்கி அதைப் படைத்தார். கதையில்லை, நாயகன் இல்லை, உரையாடல் இல்லை. ஏழு வடிவங்கள் விழுகின்றன, அவ்வளவே. நாற்பதாண்டுகளாக உலகம் அதை ஆடுகிறது. அதில் திருத்த வேண்டியது என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்த விளையாட்டுகள் பரவிய வழியையும் இங்கே குறிப்பிடுவது பொருத்தம். 1990-களில் நின்டெண்டோவின் பெயர் பொறித்த அசல் இயந்திரம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத பொருள். அதன் அமைப்பைப் பின்பற்றிக் கிழக்காசிய நாடுகளில் செய்யப்பட்ட நகல் இயந்திரங்களே பல பெயர்களில் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளோடு இணைந்தன; அவற்றோடு, மேலட்டையில் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக எண் போட்டு, உள்ளே சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வருகிற கேசட்டுகளும் வந்தன. ‘காண்ட்ரா’வையும் ‘பேட்டில் சிட்டி’யையும் ‘ரோட் ஃபைட்ட’ரையும் படைத்தவர் பெயர் அறியாமலே நம் தலைமுறை ஆடி வளர்ந்தது. ‘பேட்டில் சிட்டி’யில் அண்ணனும் தம்பியும் இரண்டு டாங்கிகளில் ஏறிக் கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும், ஒருவர் குண்டு மற்றவர் மேல் பட்டால் பட்டவர் சற்று நேரம் அசைய முடியாமல் நிற்க வேண்டியதுதான். ‘காண்ட்ரா’வின் அருவிக் கட்டத்தில் ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் ஏறி, பின்தங்கியவர் உயிரிழப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனித்து ஆடினாலொழிய அந்த விளையாட்டுகளில் வெகு தூரம் போக முடியாது. ஒரு தெருவுக்கு ஒரு கேசட் போதும். அது இரவலாக வீடு வீடாகச் சென்று, உறையெல்லாம் கிழிந்து, செருகும் பக்கத்தை ஊதி ஊதிப் போட வேண்டிய நிலையிலும் ஓடிற்று. இன்று ஒருவர் தம் கணக்கில் தரவிறக்கி வாங்கிய விளையாட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு நாளைக்கு இரவல் கொடுக்க நினைத்தால், அப்படி இயல்பாகக் கொடுத்து வாங்க வழியில்லை. இந்த இழப்பை நான் சிறியதாக நினைக்கவில்லை.

பழைமையில் குற்றமே இல்லை என்று சாதிப்பது உண்மைக்கு மாறானது. ஆட்டக்கூடத்து இயந்திரங்கள் காசு விழுவதற்காகவே கடினமாக்கப்பட்டன. அந்தக் கடினத்தை வீட்டு விளையாட்டுகளும் காரணமின்றிச் சுமந்தன. பெரும்பாலானவற்றில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வசதி இல்லாமையால், மின்சாரம் போனால் அத்தனை நேரத்து உழைப்பும் போயிற்று. ஆக்கியோருக்கு நேர்ந்த அநீதி இதனினும் பெரிது. அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளில் படைத்தவர் பெயரை இடுவதில்லை என்பதால், வாரன் ராபினெட் தாம் உருவாக்கிய ‘அட்வென்ச்சர்’ விளையாட்டினுள் ஓர் இரகசிய அறையை வைத்து அதில் தம் பெயரை ஒளித்து வைத்தார். அதே மனக்குறையோடு அங்கிருந்து வெளியேறிய நால்வர், 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் தோற்றத்துக்குக் காரணமாகிப் படைப்பாளர் பெயரை உறையிலேயே அச்சிட்டார்கள். அவசரத்தில் விற்ற பண்டமும் அன்று இல்லாமல் இல்லை. ‘இ.டி.’ திரைப்படத்தை ஒட்டிய விளையாட்டை 1982-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் ஐந்து வாரங்களில் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. விற்காமல் தேங்கிய பெட்டிகள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டு, 2014-இல் தோண்டியும் எடுக்கப்பட்டன. அக்காலத்தில் அமெரிக்க விளையாட்டுச் சந்தையே சரிந்தது. ஆனால் அந்தச் சரிவு ஒரு பாடம் கற்பித்தது: அரைகுறையாக விற்றால் வாங்கியவர்கள் மீண்டும் வரமாட்டார்கள் என்ற அச்சம் விற்பவர்களுக்கு இருந்தது.

இணைய வசதி அந்த அச்சத்தை நீக்கிவிட்டது என்பதே இக்காலத்தைப் பற்றிய என் முதல் ஆட்சேபம். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிகாபைட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த இடத்தில் ஏறத்தாழ 25 லட்சம் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ பிரதிகளை வைக்கலாம். அளவு பெருத்ததை நான் குறை கூறவில்லை. மலையும் நதியும் நகரமும் கண்முன் எழுவது பெரிய ஆனந்தந்தான். இத்தனை வசதியும் பெற்றவர்கள், வேலையை முடிக்காமலே விலைக்கு அனுப்பி, குறைகளைப் பிறகு இணையம் வழியே சரிசெய்வதை வழக்கமாகக் கொண்டிருப்பதைத்தான் குறை கூறுகிறேன். போலந்தின் சிடி பிராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’, பழைய பிளேஸ்டேஷன் இயந்திரங்களில் சரிவர ஓட இயலாத நிலையில் வந்து, சில நாள்களிலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. பின்னர் ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட்டு அது சிறந்த படைப்பாகவே ஆனது. ஆயினும் முதல் நாளில் முழு விலை கொடுத்தவர்கள் ஊதியமின்றிச் சோதனை வேலை செய்தவர்களே ஆனார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. விளையாட்டுக்குள்ளேயே கடை திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத லூட் பாக்ஸ் என்னும் பெட்டிகளைக் காசுக்கு விற்பது, சிறுவர்களைச் சூதாட்டத்துக்குப் பழக்குவது என்றே நான் கருதுகிறேன். 2017-இல் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2’ வெளிவரும் தருணத்தில் எழுந்த கண்டனத்தால், அதன் நிறுவனமே உள்விற்பனையை அப்போதைக்கு நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பிரசித்தமான சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகள் தன் நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று முடிவு கூறிற்று. ஆட்டக்கூடத்து இயந்திரமும் காசைத்தானே விழுங்கியது என்று சிலர் கேட்பார்கள். விழுங்கியது, ஆனால் கை தேர்ந்தவர் ஒரே காசில் ஒரு மணி நேரம் நின்றார், தேராதவர் ஒரு நிமிஷத்தில் விலகினார், காசின் பயனை அவரவர் பயிற்சி நிர்ணயித்தது. அதிர்ஷ்டத்தை விலைக்கு விற்கும் பெட்டியில் பயிற்சிக்கு இடமே இல்லை.

மூன்றாவது, வாங்கியதை இழத்தல். சோனி 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட ‘கான்கார்ட்’, செப்டம்பர் 6-இல், இரண்டே வாரங்களில், அணைக்கப்பட்டது. பணம் திரும்பக் கிடைத்தது, பல ஆண்டு உழைத்த கலைஞர்களின் படைப்பு உலகிலிருந்து மறைந்தது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ 2014-இல் வந்த கார்ப் பந்தய விளையாட்டு. தனியாக ஆடுபவருக்கும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு வேண்டும் என்று அமைக்கப்பட்டிருந்ததால், 2024 மார்ச் 31-இல் அந்த சர்வர் நிறுத்தப்பட்டதும், விலை கொடுத்து வாங்கிய எவராலும் அதை ஆட இயலாமல் போயிற்று. கடையில் வாங்கி வீட்டில் ஏற்றிய குத்துவிளக்கைப் பத்தாண்டு கழித்துக் கடைக்காரர் வந்து எடுத்துச் சென்றால் நாம் பொறுப்போமா? இதைப் பொறுக்க மாட்டோம் என்று ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அளித்த மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையொப்பங்களைக் கடந்தது. ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. இதனினும் மிதமான கோரிக்கையை நான் கேட்டதில்லை.

இவ்வளவு சொல்லியும் இக்காலத்து விளையாட்டுக் கலை நலிந்துவிட்டது என்று நான் எண்ணவில்லை. பல வகைகளில் இது பொற்காலமே. 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டை உருவாக்கியவர்கள், முதலில் 1986-ஆம் ஆண்டின் ‘செல்டா’வைப் போன்ற தட்டையான மாதிரி ஒன்றைச் செய்து, தீ புல்லைப் பற்றுவதையும் மரம் நீரில் மிதப்பதையும் அதில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய உலகைக் கட்டினார்கள். பழைய நூலின் இலக்கணம் கற்றவர் கையில் புதிய கருவி எப்படிப் பிரகாசிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. 2018-இன் ‘செலஸ்ட்’, பழைய விளையாட்டுகளின் கடினத்தை முழுமையாகக் கொண்டிருந்தும், இயலாதவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆடவும் வழி செய்தது. அந்தக் கருணை முன்னோர்களிடம் இல்லை. எரிக் பாரோன் என்ற தனி மனிதர் ஓவியம், இசை, நிரல் அனைத்தையும் தாமே செய்து 2016-இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ முழுமையாக வந்தது. பின்னர் சேர்த்தவற்றையும் அவர் இலவசமாகவே அளித்தார்.

தமிழர் மகிழத்தக்க ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. கனடாவின் டொரொன்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. தாய் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து மங்கியும் இருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லித் தட்டுகளை முறையாக அடுக்கி வேகவைப்பதுதான் ஆட்டம். ஆங்கிலம் பேசி வளரும் மகனுக்கும் தமிழில் வாழும் தாய்க்கும் நடுவே விலகிக்கொண்டே போகும் தூரம் அந்த அடுக்களையில் தெரிகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. உள்ளே கடை இல்லை, நாளைக்கும் வந்து ஆடு என்ற நச்சரிப்பு இல்லை. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-இல் அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருதை வழங்கிற்று. பழைய கேசட்டுகளின் நாணயத்தை, அளவாகச் சொல்லி முழுமையாக முடிக்கும் அந்தப் பண்பை, நான் இதில் காண்கிறேன்.

நல்லவை படைக்கப்பட்டால் போதாது, அவை நிலைக்கவும் வேண்டும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று காட்டிற்று. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் இரண்டு பழைய இயந்திரங்களின் இணையக் கடைகளை மூடியபோது, அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை வாங்கும் வழி அடைபட்டது. நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து ஆடிப் பார்க்க அனுமதிக்கலாமா என்று கேட்ட விண்ணப்பத்தை, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கேசட்டுகளும் சிரஞ்சீவிகள் அல்ல. ஆட்டத்தைச் சேமிப்பதற்காகச் சிலவற்றினுள் வைத்த சிறு பேட்டரிகள் ஓய்ந்து வருகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஊமைப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துபோனதற்கு நாம் இன்று வருந்துகிறோம். அதே அலட்சியத்தை நம் கண்ணெதிரே இந்தக் கலைக்கும் செய்துகொண்டிருக்கிறோம்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-இல் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த அக்கறை லூட் பாக்ஸ்களின் பக்கமும் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தரவிறக்கும் பொருளை விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது உடைமையா வெறும் அனுமதியா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே நுகர்வோர் நலத்தைக் காக்கும் அமைப்புகளும் அதையே கோர வேண்டும். பொது நூலகங்கள் தம் சேகரிப்பில் ஒரு மூலையைப் பழைய இயந்திரங்களுக்கும் கேசட்டுகளுக்கும் ஒதுக்கினால், கணிப்பொறி பயிலும் மாணவர்களுக்கு 40 கிலோபைட்டின் பாடம் கண்கூடாகக் கிடைக்கும். பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்வது எளிய ஒன்றே. அடுத்த முறை பிள்ளைக்கு ஒரு விளையாட்டை வாங்குமுன், இணைய இணைப்பு இல்லாமல் இது ஓடுமா, வாங்கிய பின் இதற்கு மேலும் காசு கேட்குமா என்று விசாரியுங்கள். ஓடாது, கேட்கும் என்ற பதில் வந்தால், அதை வாங்காதீர்கள்.